பூம்பாவையின் குடமும் பாஸ்பரஸ் ரிப்போர்ட்டும்

மயிலை கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் பூம்பாவைக்குத் தனிச் சன்னதி இருக்கிறது. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் புறப்பாட்டுக்கு முன்பாக, அவள் கதையை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள். பாம்பு தீண்டி இறந்த மகளை எரித்து, எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். திருஞானசம்பந்தர் பதிகம் பாடக் குடத்திலிருந்து பெண் எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். நெருப்பு தின்றது போக அந்தக் குடத்தில் மிஞ்சியது என்ன என்று வேதியியலைக் கேட்டால், பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட் என்று சொல்லும். நம் உடம்பிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. செல்களுக்கு வெளியே ரத்தத்திலும் மற்ற நீர்மங்களிலும் ஓடுவது 1 விழுக்காடு அளவுதான். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அளந்து ‘சீரம் பாஸ்பரஸ்’ என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இயல்பு. அந்த எல்லையைத் தாண்டிய எண் தடித்த எழுத்தில் அச்சாகி வீட்டுக்கு வந்ததும், ‘நான் என்ன பாவம் செய்தேன்?’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. வலியில் பிறக்கும் அந்தக் கேள்வியை யாரும் இளக்காரமாக நினைக்கக் கூடாது. ஆனால் அதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது. அங்கே தேட வேண்டாம் என்று சொல்ல நம் மரபுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது.

முதலில் எண்ணைப் பார்ப்போம். அது ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சிறுநீரகம் பழுதாவது. வெளியேற வேண்டிய பாஸ்பேட் தங்கிப்போய், கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது, தோல் அரிக்கிறது, பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு எலும்பு தேய்கிறது. அடையாறில் 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இதே ஏற்றத்துக்கு வேறு கதை உண்டு. சில ரத்தப் புற்றுநோய்களில் மருந்து வேகமாக வேலை செய்யும்போது, சாகும் புற்றுசெல்கள் தம்முள் வைத்திருந்த பாஸ்பேட்டை ரத்தத்தில் கொட்டுகின்றன. அதுவும் ஆபத்துதான், ஆனால் மருந்து பலித்ததன் அடையாளம். இறக்கத்தைப் பாருங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக வயிறாரச் சோறு போட்டால் இன்சுலின் சுரந்து, பாஸ்பேட் ரத்தத்தைவிட்டு செல்களுக்குள் பாய்கிறது. அளவு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழே போனால் மூச்சுவிடும் தசைகூடத் தளரலாம். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீண்ட கைதிகள் சிலர் சாப்பிட்ட பிறகு இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அன்னமிட்ட புண்ணியம் முடிந்த கையோடு எண் சரிகிறதென்றால், அதை எந்தப் பாவக் கணக்கில் எழுதுவது? எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் மணிக்கணக்கில் குழாயிலேயே வைத்திருந்தாலும் சிவப்பணுக்களிலிருந்து பாஸ்பேட் கசிந்து எண் பொய்யாக ஏறும். வினையின் தீர்ப்பு என்று ஒருவர் நடுங்குவது சில சமயம் லேபில் நேர்ந்த தாமதமாக இருக்கும்.

மயிலையோடு மரபு சேர்த்துப் பேசும் வள்ளுவர் இந்த இடத்தில் மிகத் தெளிவு. ஊழை அறத்துப்பாலின் கடைசியில், 38ஆம் அதிகாரமாக வைத்தவர், மருந்தைப் பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாக வைத்தார். அந்தப் பத்துக் குறளிலும் முற்பிறவி பற்றி ஒரு சொல் இல்லை. மிகுந்தாலும் குறைந்தாலும் நோய், செரித்ததை அறிந்து உண், நோயின் காரணத்தைத் தேடு, நோயாளி, நோய், காலம் மூன்றின் அளவையும் பார் என்றே பேசுகிறார். பாஸ்பரஸ் எண்ணை வாசிக்கவும் இதே மூன்றும் வேண்டும்: குழந்தைக்கு இயல்பான அளவு பெரியவருக்கு அதிகம்; காலையில் வெறும் வயிற்றில் உள்ள எண் இரவில் இருக்காது.

குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. பழவினையால் வரும் பிணி, காரணங்களால் வரும் பிணி என்று அவர் இரண்டாகப் பிரித்து, முன்னது வினை கழிந்தால்தான் தீரும் என்கிறார். வலுவான மறுப்புதான். ஆனால் அவரே, இந்த அதிகாரம் இரண்டாம் வகைக்கானது என்றும் சொல்லிவிடுகிறார். கையிலுள்ள நோய் எந்த வகை என்பது காரணத்தைத் தேடி முடிக்காமல் எப்படித் தெரியும்? தேடும் முன்பே பழவினை என்று முத்திரை குத்த அவர் உரையும் இடம் தரவில்லை. பூம்பாவையை எழுப்பிய சம்பந்தரும் இதற்குச் சாட்சி: கொங்குநாட்டில் அடியார்கள் சுரத்தில் விழுந்தபோது அவர் பாடிய திருநீலகண்டப் பதிகம் வினையை மறுக்கவில்லை. வினை என்று சொல்லிச் சும்மா இருப்பதைக் கண்டிக்கிறது. அவர் காட்டும் வழி திருவருள், லேப் அல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. சோர்ந்து உட்காராதே என்ற கட்டளை இரண்டுக்கும் பொது.

‘விதி’ என்ற சொல் நொந்தவருக்கு ஆறுதல் என்பார்கள். அவரே சொல்லிக்கொண்டால் ஆறுதல். சுற்றியிருப்பவர் சொன்னால் குற்றச்சாட்டு. ‘வாயைக் கட்டவில்லை’ என்று டயாலிசிஸ் செய்துகொள்பவரைக் கடிவது இதன் புதிய வடிவம். பத்தியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்பேட் பெரும்பாலும் எலும்பிலும் செல்களிலும் இருந்து மெல்லவே வெளிவருவதால் 4 மணி நேர டயாலிசிஸ் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். சாப்பாட்டிலும் எல்லாம் ஒன்றல்ல: சுண்டலில் உள்ள பாஸ்பேட் முழுதும் உடம்பில் சேராது. பாட்டில் பானத்தில் ‘ஐஎன்எஸ் 338’ என்று பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் பாஸ்பாரிக் அமிலம் ஏறக்குறைய அப்படியே சேரும். இது தெரியாமல் குடித்தவரைப் பாவி என்பது அநியாயம்.

நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறு சொன்னார் வள்ளுவர். அந்த நான்காமவர் நீங்களாக இருந்தால், பாஸ்பேட்டைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் அது பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது.