வாரை அவிழ்க்கும் வேலை

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
எசாயா 61:1-2, 10-11. 1 தெசலோனிக்கர் 5:16-24. யோவான் 1:6-8, 19-28



எருசலேமிலிருந்து குருக்களும் லேவியரும் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். நீர் யார் என்று திருமுழுக்கு யோவானைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். மெசியா அல்ல, எலியா அல்ல, வர வேண்டிய இறைவாக்கினரும் அல்ல என்று ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வருகிறார் யோவான். தமக்குப் பின் வருகிறவர் எவ்வளவு பெரியவர் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும், அவர் ஒரு வேலையைக் குறிப்பிடுகிறார். மிதியடி வாரை அவிழ்க்கிற வேலை. அதற்குக்கூடத் தமக்குத் தகுதி கிடையாது என்கிறார்.

அந்நாளில் அது அடிமையின் வேலை. மாணவன் தன் போதகருக்கு எல்லாப் பணிவிடையும் செய்யலாம், மிதியடியைக் கழற்றுவது மட்டும் ஆகாது என்று யூத ரபிகளின் மரபிலேயே ஒரு சொல் உண்டு. தெருப் புழுதியில் ஊறிய தோலைத் தொடுவது மாணவனின் மதிப்புக்குக் குறைவு. யோவான் எதைச் சொன்னார் என்பது விசாரிக்க வந்தவர்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும்.

யோவானின் தாழ்ச்சியைப் பற்றி இந்த ஞாயிறு வரும்போதெல்லாம் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். இன்று அதைச் சற்றுத் தள்ளி வைப்போம். அந்த வேலையைப் பார்ப்போம். ஒருவரின் உயர்வைக் காட்டுவதற்கு இதைவிடத் தாழ்ந்தது இல்லை என்று எடுத்துக்காட்டும் அந்த வேலையைக் கூலிக்குச் செய்து பிள்ளைகளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும் பாலிஷ்காரரின் வேலையை நின்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் நாடாவைத் தளர்த்துவார். சாக்ஸில் கறை படாமலிருக்க இரண்டு அட்டைத் துண்டுகளை ஷூவுக்குள் செருகுவார். காய்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி எடுப்பார். மண்ணோடு தேய்த்தால் தோல் கீறிப் போகும். டப்பாவிலிருந்து பாலிஷைத் தொட்டு, தையலோரம், குதிகால், விரல் மடங்கும் இடத்துச் சுருக்கம் என்று போட்டிருப்பவரே பார்க்காத இடங்களிலெல்லாம் பூசுவார். பிறகு கொஞ்சம் உலர விடுவார். நம்மில் அவசரக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவது இங்கேதான். உலராமல் தேய்த்தால் பளபளப்பு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். அதன்பின் பெரிய பிரஷ். கடைசியில் துணியின் இரு முனையையும் பிடித்து இழுத்து இழுத்து ஒரு தேய்ப்பு. பிரஷ்ஷின் முதுகால் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினால், அடுத்த காலை வையுங்கள் என்று அர்த்தம். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காரியம் முடிந்துவிடுகிறது. அவர் நம் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தென் அமெரிக்காவில் பொலிவியா என்றொரு நாடு. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அந்நாட்டின் லா பாஸ் நகரத்துக்கு அமைதியின் அன்னை பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். அங்கே ஷூ பாலிஷ் போடுகிறவர்கள் பலர் கண் மட்டும் தெரியும்படி கம்பளி முகமூடி அணிந்துகொண்டே வேலை செய்கிறார்கள். குளிருக்காக அல்ல. மேட்டிலிருக்கும் எல் ஆல்ட்டோவிலிருந்து காலையில் இறங்கி வரும் இளைஞர்கள் அவர்களில் அநேகர். படித்துக்கொண்டே பிழைக்கிறவர்களும் உண்டு. கூடப் படிக்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாது, அக்கம்பக்கத்தார் அடையாளம் கண்டுவிடக் கூடாது. சிலர் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பது சொந்த வீட்டுக்கே தெரியாது. புனித பிரான்சிஸ் ஆலயத்துக்கு முன்னாலுள்ள சதுக்கத்திலும் இவர்களைப் பார்க்கலாம். திருடாத, ஏமாற்றாத, உழைத்துச் சம்பாதிக்கிற பிள்ளைகள், கோயில் வாசலில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முகமூடியை அவர்களுக்குத் தைத்துக் கொடுத்தது யார்? பளபளக்கும் ஷூவோடு படியேறிப் பூசைக்குப் போகிறவர்களின் பார்வைதான்.

பொலிவியாவைக் கண்டிப்பது எளிது. நம் ஊரில் முகமூடிக்குத் தேவையே இல்லை. ஊரின் எந்தப் பக்கத்தில் வீடு என்று சொன்னாலே போதும். செருப்பு தைப்பதையும் தோல் வேலையையும் ஒரு சாதியின் தலையில் கட்டி, வேலையையும் அந்த மக்களையும் ஒன்றாக இழிவுபடுத்திய நாடு நம்முடையது. அந்த மக்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. அரசைக் குறை சொல்லும் முன், கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய பங்குகள் நம் திருச்சபையில் இருந்ததை நினைத்துக்கொள்வோம்.

திருத்தூதர் பணிகள் நூல், ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை வீட்டில் எடுத்துப் படித்துப் பாருங்கள். நாம் தாண்டிப் போகிற வசனம் அது. பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்குகிறார். எங்கே? தோல் பதனிடுகிற சீமோன் என்பவரின் வீட்டில். செத்த விலங்கின் தோலைக் கையாளும் தொழில். தீட்டும் உண்டு, நாற்றமும் உண்டு. வீடு கடற்கரையோரம் இருந்தது என்கிறது அடுத்த அதிகாரம். அந்த வீட்டின் மாடியில் செபித்துக்கொண்டிருந்தபோதுதான், கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற குரல் பேதுருவுக்குக் கேட்கிறது. பிற இனத்தாருக்குத் திருச்சபையின் கதவு திறந்தது ஒரு தோல் தொழிலாளியின் மாடியிலிருந்து. இதே பேதுருதான் இராவுணவின்போது ஆண்டவர் தம் காலைக் கழுவக் கூடாது என்று அடம்பிடித்தவர். அடிமையின் வேலையை ஆண்டவர் செய்வதைப் பார்க்க அன்று அவரால் முடியவில்லை. யோப்பாவுக்கு வருவதற்குள் ஏதோ கற்றிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுகிறோம். பிரசங்க மேடையும் அதில் சேர்த்திதான். தன் மகனைப் பாலிஷ் பெட்டியின் முன் உட்கார வைக்க ஒருபோதும் சம்மதிக்காதவர்தான் இதை அதிகம் சொல்கிறார். உழைக்கிற மனிதரை மதிப்பது வேறு, அவர் பிள்ளையும் அங்கேயே உட்காரட்டும் என்று வேலையைப் புகழ்வது வேறு. இன்றைய முதல் வாசகத்தில் எசாயா ஏழைகளுக்கு நற்செய்தியையும் சிறைப்பட்டோருக்கு விடுதலையையும் அறிவிக்கிறார். கட்டப்பட்டிருக்கிறவனிடம் உன் கட்டு அழகாக இருக்கிறது என்று சொல்வது நற்செய்தியாகாது.

அடுத்தது கூலி. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடச் சொல்கிறது இணைச்சட்டம். ஒரு சோடி மிதியடிக்கு ஏழையை விலை பேசியவர்கள்மீது ஆமோஸ் சீறுகிறார். நாமோ கடையில் அச்சிட்ட விலையை வாய் திறக்காமல் கொடுத்து ஷூவை வாங்கிவிட்டு, அதற்குப் பாலிஷ் போட்டவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஆல்பர்ட் லெக்ஸி என்பவர் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஷூ பாலிஷ் போட்டார். கூலியை வைத்துப் பிழைத்தார். மேற்கொண்டு கிடைத்த அன்பளிப்புப் பணம் முழுவதையும் வசதியில்லாத குழந்தைகளின் சிகிச்சைக்குக் கொடுத்தார். 2018இல் அவர் இறந்தபோது அது 2 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்குத் தர்மம் செய்வதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் சில நாள்தான். புதுத்துணி எடுத்தாயிற்று, குடிலுக்கு வைக்கோல் வந்தாயிற்று. இந்த வாரம் வீட்டிலுள்ள பழைய ஷூவையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். காலை நீட்டாமல், கழற்றிக் கையில் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். உங்களைவிட மூத்தவரானால் அண்ணே, ஐயா என்று கூப்பிடுங்கள், "ஏம்ப்பா" வேண்டாம். கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அவர் பிள்ளை என்ன படிக்கிறது என்று விசாரியுங்கள்; பள்ளிக் கட்டணத்துக்குச் சிரமம் என்றால் பங்கு அலுவலகத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள். கிறிஸ்து பிறப்புக் காணிக்கையில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கப் பங்குப் பேரவையிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பணம் போதாமல் போகும் அளவுக்குப் பெயர்களைக் கொண்டு வாருங்கள்.