அறிவித்தல் பலகையும் ஒரு யன்னலும்

சென்ற சித்திரையில் அன்பர் ஒருவர் "பேஸ்மென்ற் வாடகைக்கு உண்டு" என்ற துண்டொன்றைக் கொண்டுவந்து, எமது ஆலய அறிவித்தல் பலகையில் குத்தும்படி கேட்டார். ஸ்காபரோவில் இரண்டு அறை, வாடகையும் நியாயம். படுக்கையறையில் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் உண்டா என்று கேட்டோம். அன்பரின் முகம் சுருங்கிவிட்டது. "நீங்கள் என்ன, சிற்றி இன்ஸ்பெக்டரோ?" என்றார்.

கேள்வி எம்மைத் தைத்தது. எங்களில் பலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அப்படியான பேஸ்மென்றில்தானே படுத்தோம்! அந்த மலிவு வாடகை இல்லாவிட்டால் ஊரிலிருந்து யாரை அழைத்திருப்போம்?

சட்டமும் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஒன்ராறியோ அரசு 1994இல் வீடுகளில் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தது. 1996இல் அடுத்த அரசு அந்த முடிவை நகரசபைகளின் கைக்கே திருப்பிவிட்டது. நகரசபைகள் அனுமதித்தே ஆகவேண்டும் என்று 2011இல் மீண்டும் சட்டம் வந்தது. அதற்குள் ஒளித்துக் கட்டும் பழக்கம் வேரோடிவிட்டது. ஒளித்துக் கட்டியதை எந்தப் பரிசோதகர் பார்ப்பார்?

இங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. கீழறைக் கூரைக்கும் மேல்வீட்டுத் தரைக்கும் நடுவே மரத் தீராந்திகளும் வெற்றிடமுந்தான். கீழே அடுப்பில் பிடித்த தீ அவ்வழியே விரைவில் ஏறும். ஒரே ஃபேர்னஸ் இரு பகுதிக்கும் சூடு அனுப்பினால், அதன் குழாய்கள் புகையையும் அனுப்பும். ஆகவேதான் தீயைத் தாங்கும் தடித்த ட்ரைவோல், புகை எச்சரிக்கைக் கருவி, தப்பும் வழி என்று விதி கேட்கிறது.

ஆனால் எல்லா விதியும் ஒரே எடையல்ல, அன்பர்களே. கூரை 1.95 மீற்றர் உயரம் வேண்டுமென்று அத்திவாரத்தின் கீழே தோண்டுவது பல்லாயிரம் டொலர் வேலை. இரண்டு அங்குலம் குறைந்தால் நெட்டையர் குனிவார், சாகமாட்டார். கார் நிறுத்த மேலதிக இடம் கேட்ட நகரசபைகளும் இருந்தன. அது குடியிருப்பவரின் உயிருக்காகவா, அயலவரின் முகச்சுளிப்புக்காகவா? இவற்றைத் தளர்த்தலாம். யன்னல் அப்படியல்ல. கொங்கிறீற் சுவரை வெட்டி, வெளியே மண் தோண்டி, தண்ணீர் வடிய வழி செய்ய வேண்டும், செலவுதான். ஆனால் படிக்கட்டில் தீ நின்றால் போக வேறு வழி கிடையாது.

"தெரிந்துதானே வருகிறார்கள்" என்பது வீட்டுக்காரர் வாதம். வேறிடம் இல்லாதவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எம்மால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்காரரும் பணக்காரர் அல்லர். அந்த வாடகையில்தான் அவரது மோட்கேஜ் ஓடுகிறது. நகரசபைக்கு முறையிட்டால்? பரிசோதகர் குடியிருப்பை மூடச் சொன்னால், பனியில் பெட்டியோடு நிற்பவர் வீட்டுக்காரர் அல்ல, குடியிருந்தவர்.

ஆடி மாதம் அன்பர் மீண்டும் வந்தார். பெர்மிற் எடுத்து, யன்னல் வெட்டி, பரிசோதகரின் கையெழுத்தும் வாங்கியிருந்தார். துண்டைக் குத்தினோம். வாடகை நூற்றைம்பது டொலர் கூடியிருந்தது. முன்பு அதைப் பேசி வைத்திருந்த, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், கட்டாது என்று விட்டுவிட்டதாம். எங்கே போனார்கள் என்று கேட்டோம். பிரம்டன் பக்கம் இன்னொரு பேஸ்மென்றாம். அங்கே யன்னல் உண்டா என்று கேட்க எமக்கு வாய் வரவில்லை.