தரம் ஒன்பதோடு நின்றுவிடும் உடல்

இலங்கை மலையகத்தின் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் ஒரு சைவப் பிள்ளை, தரம் 1 தொடங்கி சாதாரண தரப் பரீட்சை வரை சைவநெறி படிக்கத்தான் வேண்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்துக்கு அந்த யோகம் இல்லை. இதுவரை நடைமுறையில் இருந்துவரும் ஏற்பாட்டில் அது தரம் 6 முதல் 9 வரைதான் எல்லோருக்கும் கட்டாயம். தரம் 10இல் அது விருப்பப் பாடத் தொகுதிக்குள் போய், விவசாயத்தோடும் மனைப்பொருளியலோடும் போட்டி போடுகிறது. ஆன்மாவைப் பற்றிப் பதினாறு வயது வரை கற்க வேண்டும், உடலைப் பற்றிப் பதினான்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அரசு சொல்லாமல் சொல்கிறது.

விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்கம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, உறுப்புகளின் பெயரோடும் படத்தோடும். தன் உடலை ஒருவர் தொட வந்தால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பது அந்தப் படத்தில் இல்லை. பதினாறு வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உறவு கொண்டால், அவள் சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்வு என்கிறது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை. இந்தச் சட்டம் யாருக்காக இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அவளிடம் சொல்ல வேண்டிய வயதில், அவள் மனைப்பொருளியல் வகுப்பில் இருக்கக்கூடும். படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கும் போயிருக்கக்கூடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது வீட்டின் வேலை, சமயத்தின் வேலை, பள்ளிக்கூடம் இதில் கைவைக்கக் கூடாது என்பது பழைய வாதம். சரி, வீட்டில் என்ன நடக்கிறது? தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரிய மனுஷியானால் அவளைத் தனியே உட்காரவைக்கிறார்கள். பள்ளிக்கூடம் நிற்கிறது. பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சேலை கட்டி, மைக் செட் வைத்துச் சடங்கு நடக்கிறது. லயம் முழுக்கச் செய்தி தெரியும். ஏன் இப்படி ஆனது, இது ஏன் மாதாமாதம் வரும் என்பதை மட்டும் பல வீடுகளில் அவளிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அவளுக்குக் கிடைக்கும் ஒரே விளக்கம் ‘தீட்டு’. கோயிலுக்குப் போகாதே, சாமி படத்தைத் தொடாதே.

சமயம் இதைத்தான் சொல்கிறதா? சைவ மரபுக்குள்ளேயே இதில் ஒருமித்த பேச்சு இல்லை. பட்டினத்தார் உடலை வெறுத்துப் பாடியவர். திருமூலர் வேறு வழியில் போனார். உடலை ஒரு காலத்தில் தானும் அற்பமாக எண்ணியதையும், இறைவன் குடியிருப்பது அதற்குள்ளேதான் என்று கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் அவரே சொல்கிறார். சிவவாக்கியரோ தீட்டு என்ற பேச்சையே நேருக்கு நேர் மறித்தார். எதைத் தீட்டு என்று ஒதுக்குகிறீர்களோ அதிலிருந்துதானே உங்கள் உடலும் உருவானது என்பது அவருடைய கேள்வி. கன்னட தேசத்தில் பசவண்ணரைப் பின்பற்றிய வீரசைவர்கள், பிறப்பு, இறப்பு, மாதவிடாய் ஆகியவற்றால் தீட்டு உண்டு என்பதையே மறுத்தார்கள். உடலை அறிவது சமயத்துக்கு விரோதம் என்று பேசுகிறவர்கள் எந்தச் சமயத்தைச் சொல்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அங்கே பேசுவது வெட்கம். அது விபூதி பூசிக்கொண்டு வருகிறது.

சமயமும் சுகாதார அறிவும் உண்மையாகவே மோதும் இடம் ஒன்று உண்டு. வெற்றிலை பாக்கு இல்லாத மங்கல காரியம் தமிழருக்கு இல்லை. தாம்பூலத் தட்டு தெய்வத்துக்கு முன்னால் வைக்கப்படுகிறது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் வகைப்படுத்தியிருக்கிறது. குளிரிலும் அட்டைக்கடியிலும் மலையில் நின்று கொழுந்து பறிக்கிற தாய் வாயில் வெற்றிலையோடு நிற்கிறாள். பள்ளியில் கற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து அவளிடம் என்ன சொல்லும்? இது ஆசிரியர் வகுப்பில் எடுத்துப் பேச வேண்டிய கேள்வி. தட்டில் வைப்பதும் நாள் முழுவதும் மெல்லுவதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் முடியும்.

சுகாதாரப் பாடம் கட்டாயமா என்ற கேள்விக்கு மலையகத்தில் இன்னொரு கனமும் இருக்கிறது. இந்த மக்களின் உடலைப் பற்றி எப்போதும் வேறு யாரோதான் முடிவெடுத்திருக்கிறார்கள். தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தினர் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மருந்து கொடுத்தார்கள், புழு போனது. கழிப்பறை கட்டப் பணம் செலவழிக்கத் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின. வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது. பின்னாளில் பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடை, கிராமத்தையும் நகரத்தையும்விடத் தோட்டங்களில் மிக அதிகமாக இருந்ததை நாட்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வுகளே காட்டின. 1980களில் அதற்குப் பணமும் கொடுத்தார்கள். ஊசி, மாத்திரை, கத்தி எல்லாம் லயத்தின் வாசல்வரை வந்தன. விளக்கம் வரவில்லை. அதனால்தான் இங்கே சுகாதாரப் பாடத்தைக் கட்டாயமாக்கக் கேட்பதைச் சலுகை கேட்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நூறாண்டு பழைய கடன் அது.

2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை போடப்படுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி, தவறவே விடக் கூடாதது. ஆனால் கருப்பை என்றால் என்ன என்று கேட்கவே கூச்சப்படும் பிள்ளையின் கையில் அதைக் குத்திவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனால், மண்டபம் முகாமின் பழக்கம் இன்னும் போகவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

உடலைப் பற்றிய கல்விக்கு எதிர்ப்பு என்பது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. தரம் 7 பிள்ளைகளுக்காகத் தயாரிக்கப்பட்ட ‘ஹத்தே அபே பொத’ என்ற துணைநூலுக்கு 2019, 2020 காலத்தில் பௌத்த பிக்குகள் சிலர் உட்படப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நூல் நிறுத்தப்பட்டது. டென்மார்க்கில் இதே சண்டை நீதிமன்றம்வரை போனது. கட்டாயப் பாலியல் கல்வி தங்கள் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிரானது என்று மூன்று பெற்றோர் தம்பதியர் தொடுத்த வழக்கில், 1976 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளிக்கவில்லை. அறிவைப் பக்கச்சார்பில்லாமல் சொல்லலாம், ஒரு கொள்கையைத் திணிக்கத்தான் கூடாது என்று அது கோடு போட்டது. அந்தக் கோடு பொகவந்தலாவைக்கும் பொருந்தும். பெற்றோர் தங்கள் நம்பிக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிள்ளையின் உடலைப் பற்றிய உண்மையை அவளிடமிருந்து மறைக்கும் உரிமை அதோடு சேர்ந்து வருவதில்லை.

பாடத்தைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதுமா என்றால், போதாது. கை கழுவச் சொல்லும் பாடசாலையில் குழாயில் தண்ணீர் வர வேண்டும். அணையாடை வாங்க மாணவிகளுக்கு 2024இல் அரசு 1200 ரூபா வவுச்சர் கொடுத்தது நல்ல காரியம். அணையாடையை மாற்றப் பூட்டுள்ள கழிப்பறை பள்ளியிலும், தாய்மார் நிற்கும் மலையிலும் வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளுக்குப் பல ஆசிரியர்களை அனுப்புவது பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியை சைவநெறியும் எடுப்பார், சுகாதாரமும் எடுப்பார். காலையில் திருமூலரைச் சொல்லிக்கொடுத்தவர் மத்தியானம் மாதவிடாய்ப் பக்கம் வந்ததும் ‘வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்’ என்று புரட்டிவிடாமல் இருக்க, அவருக்குப் பத்தனையிலேயே பயிற்சி கொடுக்கலாம். சைவநெறி வகுப்பில் சிவவாக்கியரின் கேள்வியையும் வைக்கலாம். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவைப்படாது.