தொட்டு நாமம்

அய்யா உண்டு.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் நிழல் தாங்கலில் உச்சிப்படிப்பு முடிந்து, வரிசையாக நின்றவர்களுக்கு நாமம் சாற்றிக்கொண்டிருந்தேன். பத்து வயது மகளின் தோளைப் பிடித்தபடி ஒரு தாய் வந்து நின்றார். வழக்கம்போல விரலில் திருமண்ணைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தேன். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கி என் கையைத் தட்டிவிட்டார். கிண்ணம் சரிந்து திருமண் தரையில் சிந்தியது. "நாமத்தையே தட்டிவிட்டாளே" என்று பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. எனக்கும் முகம் சுருங்கத்தான் செய்தது. அதை மறைப்பானேன்?

அந்தப் பிள்ளைதான் சொன்னாள்: "பாட்டா, அம்மைக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. முதல்ல தோள்ல கைய வைக்கணும். அம்மை உங்க கையத் தொட்டுப் பாத்த பொறவு வைங்கோ."

அப்படியே செய்தேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்து, விரல் நுனியில் இருந்த ஈர மண்ணைத் தடவி, மோந்து பார்த்தார். பிறகு தாமாகவே நெற்றியைக் குனிந்து கொடுத்தார்.

மக்களே, நாமம் சாற்றுவதை நம் முன்னோர் 'தொட்டு நாமம்' என்றே சொல்லி வந்தார்கள். எதற்காக அந்தத் 'தொட்டு'? திருவிதாங்கூர் சீமையில் சில மனிதர் இத்தனை அடி தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த காலம் அது. தொட்டால் தீட்டு, கண்ணில் பட்டாலே தீட்டு. அந்தக் காலத்தில்தான் அய்யா வைகுண்டர் மனிதன் மனிதனின் நெற்றியைத் தொடும்படி வைத்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாகத் தண்ணீர் கோரச் செய்தார். இதைப் பலமுறை பிரசங்கித்தவன் நான். அப்படிப்பட்ட நான், எதிரே நிற்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று பார்க்காமல், வரிசையை முடிக்கும் அவசரத்தில் தொட்டிருக்கிறேன். அன்றைக்குத் தவறியது அந்தத் தாயின் கை அல்ல.

பிறகு அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். அவருக்கு வந்திருப்பது அஷர் நோய் என்று மருத்துவர்கள் பெயர் சொல்லியிருக்கிறார்கள். பிறவியிலேயே காது கேளாது. நடை பழகவே நாளாயிற்றாம். காது கேளாதோர் பள்ளியில் விடுதியில் தங்கி எழுதப் படிக்கக் கற்றார். சிறு வயதில் அந்திக்குப் பிறகு தட்டுத் தடுமாறியபோது மாலைக்கண் என்று நினைத்து வீட்டில் முருங்கைக்கீரையும் மீனெண்ணெயும் கொடுத்துப் பார்த்தார்கள். அது சத்துக் குறைவால் வந்த மாலைக்கண் அல்ல. கண்ணின் உள்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இளைய மகன் பிறந்த பிறகு மிச்சமும் போயிற்று. இப்போது வெளிச்சம், இருட்டு என்ற வேறுபாடு மட்டும் தெரிகிறது.

"யார் செய்த பாவமோ" என்று நம் தாங்கலிலேயே இரண்டு பேர் பேசியது என் காதில் விழுந்தது. அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம் உடம்பில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டிரண்டாக இருக்கிறது, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. இரண்டில் ஒன்று பழுதானால் ஒன்றும் தெரியாது. பழுது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடலாம். பெற்றோர் இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இந்த நோய் வர வழி உண்டு. இந்தத் தாயின் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். இதில் பாவம் எங்கே வந்தது? பலியும் காணிக்கையும் வேண்டாம் என்ற அய்யாவின் பிள்ளைகள், சாபம் கழிக்க இன்ன இடத்துக்கு ஆடு நேர்ந்துகொள் என்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. இளையவன் பிறந்தபோது, "கண்ணும் காதும் இல்லாதவள் பிள்ளை வளர்ப்பாளா" என்று குழந்தையைக் கணவரின் அக்காள் வீட்டில் விடப் பேச்சு நடந்திருக்கிறது. அந்தத் தாய் என்ன செய்தார் தெரியுமா? சேலைத் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்தார். பிள்ளை காலை உதைத்தால் கயிறு இழுக்கும். அழுகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். காய்ச்சலைக் கன்னத்தை வைத்து அறிந்தார். பால் கெட்டதை மூக்கு சொல்லிற்று. மூன்று மாதம் பார்த்த மாமியார் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இன்று அவர்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு மருமகளுடன் தாங்கலுக்கு வருகிறார்.

படிப்பு நடக்கும்போது அந்தத் தாய் மகளின் தொண்டையில் விரல்களை வைத்திருப்பார். சிவசிவா அரகரா என்று பிள்ளை சொல்லும்போது எழும் அதிர்வுதான் அவருக்குப் படிப்பு. மற்றதை அவள் அம்மையின் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டுவாள். ஒருநாள் பள்ளியறைக்கு நேரே நின்றபோது, முன்னால் என்ன இருக்கிறது என்று சைகையில் கேட்டார். பிள்ளை கொஞ்சம் யோசித்து எழுதினாள். என்ன எழுதினாய் என்று பிறகு கேட்டேன். "கண்ணாடியில அம்மைதான் தெரியுதுன்னு எழுதினேன் பாட்டா" என்றாள். அந்தக் கண்ணாடி முன்னால் நின்று தலைப்பாகை சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்ட நாட்கள் நினைவுக்கு வந்தன.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்றால் நாள் கடத்தாதீர்கள். செவிப் பரிசோதனை செய்யுங்கள். சிறு வயதிலேயே கண்டால் காக்ளியர் கருவி பொருத்த அரசுக் காப்பீட்டில் வழி இருக்கிறது. பிறவியில் காது கேளாத பிள்ளைக்கு இருட்டில் தடுமாற்றமும் இருந்தால் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள். போன பார்வையைத் திருப்ப இந்த நோய்க்கு இன்னும் மருந்து வரவில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் கையால் எழுத, தொட்டுப் பேசப் பழக நேரம் கிடைக்கும். காதும் கண்ணும் சேர்ந்து இல்லாத நிலையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் பயிற்சி தருகிறது. வெள்ளைக் கோலில் சிவப்புப் பட்டை கண்டால், அவருக்குக் காதும் கேளாமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போட்டுப் பயனில்லை.

நம் தாங்கலில் இப்போது நாலு பெண்கள் உள்ளங்கையில் எழுதப் பழகியிருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தியே எத்தனை நாள் தன் அம்மைக்கு உலகத்தை எழுதிக்கொண்டிருப்பாள்? அவளுக்கும் விளையாட வேண்டாமா? வருகிற ஞாயிறு உச்சிப்படிப்புக்கு அந்தத் தாய் வடக்குப் பக்கத்துத் தூணருகே உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். தோளில் மெல்லக் கை வையுங்கள். அவர் உள்ளங்கையை விரித்துத் தரும்வரை காத்திருங்கள். பிறகு உங்கள் பெயரை எழுதுங்கள், பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றாக.

அய்யா உண்டு.