ஆளில்லா ஊரின் தலைவர்

ஓர் ஊர் எதனால் ஊராகிறது? மண்ணாலா, மனைகளாலா, மக்களாலா? மக்களால்தான் என்று தயங்காமல் விடை கூறுவோம். ஆயினும் பிரான்சு நாட்டின் வடகிழக்கே, வெர்டன் நகருக்கு அருகிலுள்ள சில சிற்றூர்கள் அவ்விடையை மறுபடியும் எண்ணிப் பார்க்கச் செய்கின்றன.

முதலில் அந்நாட்டு ஊராட்சி முறையை அறிவோம். புதுச்சேரி மக்களுக்குப் பழகிய 'கொம்யூன்' என்னும் சொல்லே அங்கு ஊராட்சியின் பெயர். 1789-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது, பெரும்பாலும் பழைய பங்குகளின் எல்லைகளைத் தழுவியே அவை அமைந்தன. இன்று ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. இத்தகைய சிற்றூரின் மேயர் ஓர் உழவராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இருக்கக்கூடும். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதும், மூவண்ணப் பட்டை அணிந்து திருமணம் நடத்தி வைப்பதும், சாலையையும் கல்லறைத் தோட்டத்தையும் பேணுவதும் அவர் கடமை. சமயத்தையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், ஊரின் பழைய கோவிலும் பெரும்பாலும் கொம்யூனின் உடைமையே. ஆதலால் கோவிற்கூரை ஒழுகினாலும் அவரிடமே முறையிடுவர். இன்று ஒருவரது விண்ணப்பத்தை மறுத்தால், நாளை அவரையே தெருவில் எதிர்கொள்ள வேண்டும்.

இத்துணைச் சிறு ஆட்சிகள் வீண் செலவல்லவா, இணைத்துவிடலாகாதா என்னும் கேள்வி அங்கு நெடுநாளாக எழுகிறது. அது புறந்தள்ளத்தக்கதன்று. பொருளும் ஆளும் குறைந்த ஊர் எல்லாவற்றையும் தனித்துச் செய்ய இயலாது. பல பணிகளை அண்டை ஊர்கள் கூடியே செய்கின்றன.

ஆனால் தலைக்கணக்கு ஒன்றே அளவுகோல் எனில், ஃப்ளரி என்னும் ஊரை என்னென்பது? 1913-இல் அங்கு 422 பேர் வாழ்ந்தனர். 1916-இல் நடந்த வெர்டன் போரில் அது 16 முறை கைமாறி, தரைமட்டமாயிற்று. வெடிக்காத குண்டுகளும் புதையுண்ட உடல்களும் நிறைந்த அம்மண்ணில் மீண்டும் எவரும் குடியேறவில்லை. எனினும் அரசு அவ்வூரின் பெயரை அழிக்கவில்லை. ஃப்ளரியும், அதுபோல் அழிந்த வேறு ஐந்து ஊர்களும் இன்றும் சட்டப்படி கொம்யூன்களே. வாக்காளர் ஒருவரும் இல்லாமையால், மாவட்ட ஆட்சியரே தலைவரை நியமிக்கிறார். வீடுகளும் கடைகளும் நின்ற இடங்களைக் காட்டும் குறிகளையும், அங்கு எழுப்பப்பட்ட சிற்றாலயத்தையும், மாண்டோர் நினைவையும் காப்பதே அவர் பணி.

இறந்தோர் வாக்களியார், நன்றி கூறார். கைம்மாறு கருதாக் கடமைக்கு இதனினும் தெளிந்த சான்று ஏது? ஆயினும் நாம் ஒன்றை மறத்தலாகாது. இறந்தோர் வழக்கும் தொடுப்பதில்லை. பேசா அயலாரை மதிப்பது எளிது. வேலித் தகராற்றோடு வாயிலில் வந்து நிற்கும் அயலாரை மதிப்பதே அரிது. நினைவுச் சின்னத்தில் மலர் வைத்த கை, உயிரோடு இருப்பவரின் மனுவை ஒதுக்கித் தள்ளுமாயின் அந்த மலருக்குப் பொருளில்லை.

ஃப்ளரி உயிருள்ள ஊர்களுக்குக் கற்பிப்பது இதுவே: தனக்கு வாக்களித்தவருக்கு மட்டும் ஒருவர் தலைவரல்லர். எதிர்த்து வாக்களித்தவரும், வாக்களிக்கும் வயது வராத குழந்தையும், கல்லறையில் துயில்பவரும் அவர் பொறுப்பில் அடங்குவர். ஒருவருக்கொருவர் கடன்பட்டவர் என்னும் உணர்வே ஊரை ஊராக்குகிறது. அது நிலைத்தால் ஆளில்லா இடமும் ஊரே. அது மறைந்தால் ஆயிரம் வீடுகள் நெருங்கி நின்றாலும், அங்கு ஊர் இருக்கிறது என்று நாம் சொல்லக்கூடுமோ?