பெயர் இடம் மாறும்போது

1866-இல் ஜொகூர் பாரு என்ற பெயர் வருமுன் அந்த ஊருக்கு இஸ்கண்டார் புத்ரி என்றொரு பெயர் இருந்தது. இன்று அந்தப் பெயர், அதற்கு மேற்கே நூசாஜெயா என்று அறியப்பட்டிருந்த நகருக்கு உரியது. மண் நகரவில்லை, பெயர் நகர்ந்தது. பழைய ஆவணத்தில் அப்பெயரைப் படித்துவிட்டு இன்றைய வரைபடத்தில் தேடுகிறவர் வேறு ஊரில் போய் நிற்பார். பெயர் பொருளுக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டப்பட்டதா என்பது தத்துவத்தின் பழைய கேள்வி. அதற்கு ஒரு நல்ல சான்று கணினியின் கட்டளை வரியில் இருக்கிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயர் கோப்புக்குள் இல்லை. கோப்பை இனங்காட்டுவது ஐநோட் என்னும் தரவமைப்பின் எண். பெயரோ, அடைவில் அந்த எண்ணுக்கு நேரே எழுதப்பட்ட ஒரு பதிவு. இரண்டு கோப்புகள் பெயர் மாற்றிக்கொள்ள நெடுங்காலம் மூன்று படிகள் வேண்டியிருந்தன: முதலாவதைத் தற்காலிகப் பெயருக்கு நகர்த்தி, அதன் இடத்தில் இரண்டாவதை வைத்து, பிறகு தற்காலிகத்தை இரண்டாவதன் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 2014-இல் லினக்ஸ் 3.15 இதை ஒரே செயலாக்கியது. 2024-இல் குனு கோர்யூட்டில்ஸ் என்னும் கருவித்தொகுப்பின் 9.5 பதிப்பு, கோப்பை நகர்த்தும் 'எம்வி' கட்டளையிலேயே எக்ஸ்சேஞ்ச் என்ற தெரிவைச் சேர்த்தது. பெயர் வெறும் ஒட்டுச்சீட்டு என்றால் இவ்வளவு மெனக்கெடுவானேன்? அந்த மூன்று படிகளுக்கு நடுவே ஒரு கணம் முதல் பெயரில் எதுவுமே இல்லை. அப்போது அதைத் தேடி வரும் நிரல் வெறுங்கையோடு திரும்பும். ஆக, பெயர் பொருளின் பகுதியன்று. தேடி வருகிறவருக்குக் கொடுத்த வாக்கு.

நம் கோயில் மரபு இதை முன்பே உணர்ந்திருக்கிறது. திருப்பணி தொடங்குமுன் கலாகர்ஷணம் செய்து, மூலவரின் சக்தியைக் கும்பத்து நீரில் இறக்கி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் எழுந்தருளச் செய்கிறார்கள். கருவறை மூடியிருக்கும் மாதங்களிலும் பூசை நிற்பதில்லை. 1922-இல் தோன்றிய ஜொகூர் பாரு ராஜகாளியம்மன் கோயில் 2009-இல் கண்ணாடிக் கோயிலாக உருமாறியது. சுவரும் விதானமும் கண்ணாடிச் சில்லுகளாய் மின்னினாலும் பக்தருக்கு அது அதே அம்மன் சந்நிதிதான்.

பாலாலயமும் ஒரு தற்காலிகப் பெயர்தானே, அங்கும் இடைவெளி உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது காலியாக விடப்படுவதில்லை. 'அம்மன் இப்போது இங்கே' என்று வழிகாட்ட அங்கே ஆள் இருக்கிறார். நிரலுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் அதற்கு ஒரே செயல் தேவைப்படுகிறது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. கோப்பை ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் நிரல், பெயர் மாறிய பின்னும் அதே ஐநோட்டைத்தான் படிக்கும். பொருளைப் பற்றிவிட்டவருக்குப் பெயர் எதற்கு? உண்மைதான், ஞானிக்கு வேண்டாம். ஆனால் இன்னும் வந்து சேராதவருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு வழியில்லை. மாற்றுகிறவரின் கடமை அவரிடம்தான். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகும் மலேசியாவில் கோயில்களும் இடம் பெயர்கின்றன. பழைய கருவறையில் கடப்பாரை படுமுன் புதிய இடத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும்.