தவணை தவறியவர் மட்டும்தான் குற்றவாளியா?

அமெரிக்காவில் 2008-இல் வீட்டுக் கடன்கள் வரிசையாக வாராக் கடன்களாகி லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானபோது, பழி முதலில் விழுந்தது ஏழைகளின் தலையில்தான். வரவுக்கு மீறி வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள், அவர்களுக்குக் கடன் கொடுக்கும்படி அரசும் வங்கிகளை நெருக்கியது, அதனால் எல்லாம் கெட்டது என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. இப்பேச்சு அறத்துக்கும் பொருந்தாது, கணக்குக்கும் பொருந்தாது. கடனின் பாரத்தை எடைபோடும் கடமை, அதைக் கணக்கிடத் தெரிந்து கொடுத்தவனுடையது.

பிழை வாங்கியவரிடமா, கடனிடமா என்று சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் அமைந்தது. 1998-இல் ஃபோர்டு அறக்கட்டளை வட கரோலினாவின் செல்ஃப்-ஹெல்ப் நிறுவனத்துக்கு 5 கோடி டாலர் அளித்தது. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களை செல்ஃப்-ஹெல்ப் வாங்கியது; பணம் திரும்பாவிட்டால் நட்டம் தன்னுடையது என்று பொறுப்பேற்று, வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்துக்கு விற்றது. இப்படி 46,000-க்கும் மேற்பட்ட கடன்கள் கைமாறின. வாங்கியவர்களில் பலரால் வீட்டின் விலையில் நூற்றுக்கு ஐந்துகூட முன்பணமாகத் தர முடியவில்லை. ராபர்ட்டோ குவெர்சியா முதலிய வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இவர்களை ஒத்த நிலையில் இருந்து சப்பிரைம் எனப்படும் உயர்வட்டிக் கடன் வாங்கியவர்கள் தவணை தவறிய விகிதம், இவர்களுடையதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டார்கள். ஆட்கள் ஒரே தரத்தவர், கடன்தான் வேறு. ஒன்றில் 30 ஆண்டுகளுக்கும் மாறாத வட்டி. மற்றதில் பெரும்பாலும் முதல் இரண்டாண்டு இனிக்கும் வட்டி, பிறகு ஏறும் தவணை, முன்கூட்டி அடைத்து மீள நினைத்தால் அபராதம், நடுவில் வட்டி ஏற ஏறக் கமிஷன் கூடும் தரகர். வறுமையே தவணையைத் தவறவைத்தது என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பொறுப்பு கொடுப்பவனுடையது என்பதில் நம் முன்னோர் ஐயம் வைக்கவில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வணிகருக்கு வாணிகம் என்று நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்தார். மிகையாகக் கொள்ளாமலும் குறைவாகக் கொடாமலும் விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. ஆராயாமல் தீர்ப்புச் சொன்னதற்குப் பாண்டியன் தன் உயிரையே விலையாகத் தந்தான் என்கிறது சிலப்பதிகாரம். இக்காலத்திலோ, கறுப்பின, ஹிஸ்பானிய மக்களில் நல்ல கடனுக்குத் தகுதி இருந்தவர்களையும் விலை கூடிய கடனுக்குத் தள்ளியதாக அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கை, வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2012-இல் குறைந்தது 17.5 கோடி டாலர் தர இசைந்து முடித்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆராயும் பொறுப்பை உதறியவர்களிடம் இக்காலம் கேட்கும் விலை எவ்வளவு மலிவு!

கடன் வாங்குவோருக்கும் கடமை உண்டு, மறுப்பதற்கில்லை. வரவு சிறிதானாலும் செலவு அதை மீறாதவரை கேடில்லை என்றவரும் வள்ளுவரே. ஆனால் எதிர்காலத் தவணை எவ்வளவு ஏறும் என்பதைப் பத்திரத்தின் நுண்ணெழுத்தில் ஒளித்துவைத்துவிட்டு, செலவை அளந்து வாழச் சொல்லுவது எந்த ஊர் நியாயம்? அரசின் நெருக்கடியே காரணம் என்ற வாதமும் நிற்காது. ஏழைப் பகுதிகளையும் கவனிக்கச் சொல்லும் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் 1977-ஆம் ஆண்டினது. சரிவு வந்தது முப்பதாண்டுக்குப் பிறகு. அச்சட்டத்துக்கு உட்பட்ட வங்கிகள் தத்தம் பகுதியில் குறைந்த வருவாயினருக்கும் அவர்கள் வாழும் வட்டாரங்களுக்கும் கொடுத்தவை, உயர்வட்டி வீட்டுக் கடன்களில் நூற்றுக்கு ஆறுதான் என்று ஃபெடரல் ரிசர்வின் ஆய்வே காட்டியது. மீதியைக் கொடுக்கச் சொன்னது லாபம்.

ஏழைக்கு வீட்டுக் கடனே கூடாது, வாடகை போதும் என்பாரும் உண்டு. நேர்மையான கடனைத் தாங்கக்கூடியவர்களுக்கும் கதவடைப்பது, வஞ்சித்தவனை விட்டுவிட்டு வஞ்சிக்கப்பட்டவனைத் தண்டிப்பதாகும். திருப்பிச் செலுத்தும் சக்தியைக் கடன் கொடுப்பவரே சரிபார்க்க வேண்டும் என்று டாட்-ஃபிராங்க் சட்டம் 2010-இல் விதித்தது; அவ்விதி நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரியில். அதற்குள் பல லட்சம் குடும்பங்கள் வீட்டை இழந்துவிட்டன.